எந்த வாசலுக்குப் போவது?

எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்காவுக்குச் சில மாதங்களாக விடிந்ததும் விரல் மடங்குவதில்லை. மல்லிகை மொட்டு விரிவதற்குள் கட்டியாக வேண்டும். விரலோ வெயில் ஏறிய பிறகுதான் வசத்துக்கு வருகிறது. கூடவே ஓயாத அசதி. முடி கொத்தாக உதிர்கிறது. அடிக்கடி வாய்ப்புண். சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று சுடுகிறது. "எங்க வலிக்குதுன்னு டாக்டர் கேட்டா எதச் சொல்லட்டும் தம்பி?" என்றார்.

*

விரலுக்கு எலும்பு டாக்டர். முடிக்குத் தோல் டாக்டர். அசதிக்குச் சத்து டானிக். காய்ச்சலுக்கு ஊசி. ஒவ்வொருவரும் தம் பங்கை அக்கறையாகவே பார்த்தார்கள். நாலு சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. உடம்பு ஒன்று, டோக்கன் நாலு.

*

எங்கள் திண்டுக்கல் சமவெளிக்கு மருத்துவம் புதிதல்ல. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்கே வளர்ந்த கஸ்தூரிபா மருத்துவமனையில் பிறந்தவர்கள் நம் ஊர்களில் ஏராளம். 2022 ஜனவரியில் திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. சித்தையன்கோட்டையிலிருந்து செம்பட்டி போய் பஸ் ஏறினால் போதும். தூரம் குறைந்துவிட்டது. போய் இறங்கிய பிறகு எந்த வாசலில் நிற்பது என்பதுதான் இன்றைய கவலை.

*

அசதி, முடி உதிர்தல், மூட்டு வலி மூன்றும் சேர்ந்து வந்தால் அது தைராய்டு குறைவாக இருக்கலாம். ரத்தசோகை இருக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் லூப்பஸ் போன்ற நோயாகவும் இருக்கலாம். காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தால் காசநோயையும் நினைக்க வேண்டும். அது நுரையீரலுக்கு வெளியேயும் வரும்.

லூப்பஸ் பெரும்பாலும் பெண்களுக்கு, அதுவும் பிள்ளை பெறும் வயதில் வருகிறது. தோல், மூட்டு, ரத்தம், சிறுநீரகம் என்று பல இடங்களில் தலைகாட்டும். சிறுநீரில் புரதம் போவது சிறுநீரகம் கெடத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது வலி எதுவும் தெரியாது. செலவு குறைந்த சிறுநீர்ச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். ஏ.என்.ஏ. என்ற ரத்தச் சோதனையும் உண்டு. நோயில்லாதவர்களுக்கும் அது பாசிட்டிவாக வருவதுண்டு. ஆகவே சோதனைத்தாளை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. கதையை முழுக்கக் கேட்ட ஒருவர் வேண்டும்.

*

அந்த ஒருவர் பொது மருத்துவ நிபுணர். பெரிய ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டில் 'பொது மருத்துவம்' என்று போட்டிருக்கும் பிரிவு. அதைச் சாதாரணக் காய்ச்சலுக்கான இடம் என்று நம் ஜனங்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். எந்த உறுப்பின் நோய் என்று தெரியாதபோது முதலில் நிற்க வேண்டிய வாசல் அதுதான். அடுத்து எங்கே போவது என்று எழுதிக் கொடுக்க வேண்டியவரும் அவரே.

*

அக்காவின் கட்டைப்பையைப் பிரித்துத் தரையில் பரப்பினோம். மடங்கிப்போன எக்ஸ்ரே, தேதி கிழிந்த சீட்டுகள், மருந்துக்கடை பில், எழுத்து மங்கிய இ.சி.ஜி. தாள். அவற்றைத் தேதிவாரியாக அடுக்கினோம். பிறகு ஒரே ஒரு தாளில் எழுதினோம்: எது முதலில் வந்தது, எது பின்னால் சேர்ந்தது, காலையில் எவ்வளவு நேரம் விரல் பிடித்துக்கொள்கிறது, வெயிலில் போனால் முகம் சிவக்கிறதா, சாப்பிட்ட மாத்திரைகள் எவை. வேலை செய்தபின் வரும் வலி வேறு, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருக்கும் வலி வேறு. பின்னது மூட்டுக்குள் அழற்சி இருக்கலாம் என்பதற்கான குறிப்பு. அந்தத் தாளோடு போனபோது, காலை விறைப்பைச் சொன்ன வரிக்கு அடியில் பொது மருத்துவர் பேனாவால் கோடு போட்டார். சில சோதனைகளுக்குப் பின், மதுரையில் மூட்டு, தசை நோய்களுக்கான ருமட்டாலஜி நிபுணருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

நல்ல கடிதத்தில் ஒரு கேள்வி இருக்கும். 'மேல் சிகிச்சைக்கு' என்று மட்டும் எழுதியிருந்தால், என்ன சந்தேகம், எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லித் தயங்காமல் கேட்கலாம்.

*

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பார்ப்பவரையும் சமமாக எண்ணுகிறார். சீட்டை அடுக்கிக் கொடுப்பதும், டாக்டர் முன்னால் நோயாளிக்கு நா எழாதபோது நினைவுபடுத்துவதும் மருத்துவத்தின் கால் பங்கு.

*

"ரிப்போர்ட் எல்லாம் நார்மல், மனசுதான் காரணம்" என்ற வார்த்தை பெண்களைத்தான் அதிகம் வந்தடைகிறது. மனமும் நோயுறும், அதற்கும் மருத்துவர் உண்டு. ஆனால் உடம்பை ஒழுங்காகப் பார்க்காமலே பழியை மனத்தின் மேல் போடுவது அநியாயம். எடுத்த சோதனைகள் நார்மல் என்றால் அந்தச் சோதனைகள் நார்மல், அவ்வளவுதான்.

*

உங்கள் வீட்டிலும் பெயர் தெரியாத வலியோடு ஒருவர் இருக்கலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கைகால் விழுதல் என்றால் யோசிக்காமல் 108ஐ அழையுங்கள். மற்றபடி, அடுத்த டாக்டரைத் தேடுமுன் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். அதோடு பொது மருத்துவரிடம் போங்கள். நோயாளி சொல்வதை நம்புங்கள் என்று கேட்பது டாக்டரிடம் மட்டுமல்ல. முதலில் நம்ப வேண்டியவர்கள் வீட்டிலிருக்கும் நாம்தான்.