எவர் தோளில் ஏறும் சுமை?

ஒருவருக்கு எவ்வளவு பொருள் போதும்? அறநூல்கள் பலவும் ஆராயும் வினா இது. இதற்கு விடை கூறும்போது நம்மிற் பலர் நம் உள்ளத்தை மட்டுமே நோக்குகிறோம். ஆசை அடங்கினால் மனம் தூய்மையுறும். ஆகவே குறைவாகக் கொள்வது நமக்கு நன்மை என்கிறோம். இவ்விடை பிழையன்று. ஆயினும் இது பாதி விடையே என்பதனை, எழுபதைக் கடந்த அகவையில், அயல்நாட்டில் இளைஞர் சிலர் பயண மூட்டை கட்டியதைக் கண்டபோதுதான் நாம் உணர்ந்தோம்.

2023ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்க நாட்டின் மின்னசோட்டா மாநிலத்தில் வாழும் நம் மகன் இல்லத்தில் சில திங்கள் தங்கியிருந்தோம். கல்லூரியில் பயிலும் நம் பெயர்த்தியும் அவளுடைய தோழர் தோழியர் எழுவரும் அப்போது வடக்கே 'பவுண்டரி வாட்டர்ஸ்' என்னும் காட்டுப் பகுதிக்குப் படகுப் பயணம் புறப்பட்டனர். கனடா நாட்டின் எல்லையை ஒட்டி 10 இலட்சம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அவ்விடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 1978ஆம் ஆண்டுத் தனிச் சட்டத்தாலும் காக்கப்படும் காடு அது. உள்ளே கடை இல்லை. பெரும்பாலான ஏரிகளில் இயந்திரப் படகுக்கு இடமில்லை. 'கனூ' எனப்படும் ஒடுங்கிய துடுப்புப் படகில் சென்று, கரையில் கூடாரம் அமைத்து உறங்குதல் வேண்டும். உண்பது முதல் உடுப்பது வரை யாவற்றையும் உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். ஒரு குழுவில் ஒன்பதின்மருக்கு மேலும் நான்கு படகுகளுக்கு மேலும் செல்லலாகாது என்பது விதி. நம் பிள்ளைகள் எண்மர், படகுகள் நான்கு, பயணம் ஐந்து நாள்.

"சுமப்பது படகுதானே? எவ்வளவு கொண்டு சென்றால் என்ன?" என்று நாம் கேட்டோம். பெயர்த்தி நிலப்படத்தை விரித்தாள். ஏரிக்கும் ஏரிக்கும் இடையே சிறு கோடுகள் காணப்பட்டன. ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும் வரை உள்ள காட்டு வழிகள் அவை. அங்கே படகைக் கவிழ்த்துத் தோள்மேல் தாங்கி, மூட்டைகளை முதுகில் ஏற்றி நடத்தல் வேண்டும். 'போர்ட்டேஜ்' என அவர்கள் கூறும் இதனை நாம் சுமைவழி என்போம். இவ்வழிகளின் நீளம் 'ராடு' என்னும் பழைய அளவையால் குறிக்கப்படுகிறது. ஒரு ராடு 16.5 அடி; ஏறத்தாழ ஒரு படகின் நீளம். 320 ராடு கொண்டது ஒரு மைல். அலுமினியப் படகு 70 பவுண்டு அளவு எடையுள்ளது. கெவ்லர் இழையால் ஆனது 40 பவுண்டு அளவில் அமையும். நீர் தான் சுமப்பதைச் சொல்வதில்லை; சுமைவழிதான் அதனைச் சொல்லிவிடுகிறது.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர், மாலையில், எண்மரும் நம் மகன் வீட்டுக் கூடத்தில் தத்தம் பொருள்களைத் தரையில் பரப்பினர். முன்னரே மும்முறை அக்காட்டிற்குச் சென்று வந்த பெண்ணொருத்தி தலைமை ஏற்றாள். தனிப்பொருள் ஒருபுறம், பொதுப்பொருள் மறுபுறம் எனப் பிரித்தாள். நால்வர் நான்கு அடுப்புகள் கொண்டு வந்திருந்தனர். இரண்டு போதும் என்றாள். எண்மரிடமும் கத்தி இருந்தது. மூன்று போதும் என்றாள். ஆனால் நிலப்படம் ஒன்று போதும் என்று அவள் கூறவில்லை. ஒன்று நீரில் விழுந்தால் வழி தவறும், ஆதலின் இரண்டு வேண்டும் என்றாள். மிதவைச் சட்டை ஆளுக்கு ஒன்று இருந்தே தீர வேண்டும் என்றாள். குறைப்பதே அவள் நோக்கமாக இருந்ததென்று சொல்ல இயலாது. அளவறிதலே அவள் நோக்கம்.

இளைஞன் ஒருவன் மடக்கு நாற்காலியும், ஐந்து கால்சட்டைகளும், தடித்த நூல்கள் மூன்றும் கொண்டு வந்திருந்தான். அவற்றை விடுக்குமாறு அவள் கூறியபோது, "சுமக்கப் போகிறவன் நான். உங்களுக்கு என்ன இழப்பு?" என்றான். அவள் சினந்தாளில்லை. "ஒரே நடையில் கொண்டு செல்ல உன்னால் இயலாது. நீ இரண்டாம் முறை திரும்பி வரும் வரை எழுவரும் கரையில் நிற்போம். உன் கால் பிறழ்ந்தால் நாற்காலியை எங்களுள் ஒருவர்தாம் சுமக்க வேண்டும்" என்றாள். அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின் நாற்காலியைச் சுவர் ஓரத்தில் சாய்த்து வைத்தான்.

மற்றோர் இளைஞன் இவனுக்கு நேர்மாறானவன். அவனுடைய பை சிறியது. அதில் மழை அங்கி இல்லை. மாற்றுக் காலுறை இல்லை. மெல்லிய போர்வை ஒன்றே இருந்தது. தன் எளிமையைத் தானே வியந்து பேசினான். நாமும் அவனை மெச்சத் தலைப்பட்டோம். ஆனால் தலைவி அவனிடமும் ஒரு வினா எழுப்பினாள்: "மழை பெய்தால் எவருடைய அங்கியை அணிவாய்?" அவ்வட பகுதியில் கோடையிலும் இரவு குளிரும். உடல் நனைந்து வெப்பம் இழந்தால் உயிருக்கே ஏதம் விளையலாம். அவ்வேளையில் தம் உலர்ந்த ஆடையைக் கொடுத்துவிட்டுத் தாம் நடுங்குவோர் உடன் வந்தவரே அன்றோ? நம் மகனின் மழை அங்கி அவன் பையில் ஏறியது.

இவ்விடத்தில் நம் எண்ணம் ஒன்று திருத்தம் பெற்றது. பொருள் வரைதல் என்னும் நோன்பினை நாம் இளமை முதல் அறிவோம். ஆயினும் வரைதல் என்றால் குறைத்தல் என்றே பொருள் கொண்டிருந்தோம். மிகையாகக் கொண்டவன் தன் சுமையைப் பிறர்மேல் ஏற்றுகிறான். வேண்டியதையும் கொள்ளாதவன் தன் இன்மையைப் பிறர்மேல் ஏற்றுகிறான். முன்னவனை உலகம் எளிதில் பழிக்கிறது. பின்னவனோ புகழும் பெற்றுவிடுகிறான்.

பொதுப் பொருள்களைப் பங்கிடும் வேளை வந்தது. எடையை எட்டால் வகுத்து ஆளுக்குச் சமமாகக் கொடுத்தல் நேர்மை என நாம் கருதினோம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. மெலிந்த உடலினள் ஒருத்திக்கு உணவுப் பொட்டலங்கள் சில மட்டும் தந்தனர். வலியன் ஒருவன் கூடாரத்தையும் பானைகளையும் ஏற்றான். அம்மெலிந்த பெண்ணே நாள்தோறும் விடியலில் எழுந்து உணவு சமைப்பதென முடிவாயிற்று. பங்கு சமமாக இருத்தல் வேறு, நேர்மையாக இருத்தல் வேறு என்பதனை, நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற நாம் அன்று மாணவராய் அமர்ந்து கற்றோம்.

அடுத்த பாடம் நமக்கே உரியதாயிற்று. காட்டில் பிள்ளைகள் என்ன உண்பார்களோ என்று வருந்தி, நார்த்தங்காய் ஊறுகாய் இட்டு, பெரிய கண்ணாடிப் புட்டி நிறைய வைத்திருந்தோம். பெயர்த்தி அதனைக் கையில் வாங்கி, "பாட்டி, கண்ணாடிப் புட்டியும் தகர டப்பாவும் அந்தக் காட்டுக்குள் கொண்டு போகக் கூடாது" என்று மெல்லக் கூறினாள். நம் முகம் வாடியதை ஒளிக்க இயலவில்லை. அன்போடு கொடுத்ததும் சுமையாகுமோ? ஆகும். உடைந்த சில்லு பின்னர் வருபவர் காலைக் கிழிக்கும். எறிந்துவிட்ட தகரம் காட்டிலேயே கிடக்கும். அவள் ஊறுகாயில் எட்டில் ஒரு பங்கை இலேசான சிமிழ் ஒன்றில் இட்டுக்கொண்டாள். நம் அன்பில் அவளுக்கு வேண்டிய அளவு அவ்வளவே. எஞ்சியது, கொடுத்தோம் என்னும் நம் நிறைவுக்காக நாம் வைத்தது.

சுமப்பவர் உடன் வந்தவரே ஆயின், இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும். சுமப்பவர் கண்ணுக்குத் தெரியாதபோது யாதாகும்? அச்சுமைவழிகளின் வரலாறே இதற்குச் சான்று. ஓஜிப்வே முதலிய தொல்குடியினர் மரப்பட்டைப் படகுகளுடன் நடந்த வழிகள் அவை. பதினெட்டாம் நூற்றாண்டில் மென்மயிர்த் தோல் வணிகரின் கூலிப் படகோட்டிகள் அங்கே வந்தனர். சுப்பீரியர் ஏரிக் கரையில் உள்ள 'கிராண்ட் போர்ட்டேஜ்' என்னும் சுமைவழி 8.5 மைல் நீளமுடையது. 90 பவுண்டு எடையுள்ள மூட்டைகளை இரண்டிரண்டாக முதுகில் ஏற்றி அவர்கள் அவ்வழியே நடந்தனர். எதற்காக? ஐரோப்பியச் செல்வர்தம் தொப்பிக்கு வேண்டிய பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் தோலுக்காக. தொப்பி அணிந்தவர் அவ்வழியைக் கண்டதில்லை. கூலியாளின் முதுகையும் கண்டதில்லை. அவ்விலங்கினம் அழிவின் விளிம்பிற்குச் சென்றதையும் கண்டதில்லை. அவருக்குத் தொப்பி இலேசாகவே இருந்தது.

இன்றும் அக்காட்டில் வாயில்லா உயிர்கள் நம் பிழையைச் சுமக்கின்றன. உணவு மூட்டையை இரவில் மரத்திலிருந்து விலக்கி உயரத்தில் கயிற்றில் தொங்கவிடுதல் வேண்டும். அன்றேல் கரடியால் திறக்க இயலாத பெட்டியில் வைத்தல் வேண்டும். சோம்பலால் அதனைத் தரையில் விட்டால், மனிதர் உணவின் சுவை கண்ட கரடி மீண்டும் மீண்டும் முகாமை நாடி வரும். அத்தகைய கரடி ஈற்றில் கொல்லப்படுவதும் உண்டு. மூட்டையை விட்டவர் முன்னரே வீடு திரும்பியிருப்பார்.

ஐந்து நாள் கழிந்து பிள்ளைகள் திரும்பினர். இரண்டாம் நாள் பெருமழை பெய்ததாகவும், மழை அங்கி உதவியதாகவும் கூறினர். தாம் உண்டாக்கிய குப்பை முழுவதையும் ஒரு பையில் கட்டித் திரும்பக் கொண்டு வந்திருந்தனர். பெயர்த்தியின் தோளில் பை வார் அழுத்திய தழும்பு சிவந்திருந்தது. அதனைத் தடவியபோது வேறொருவர் தோள் நம் நினைவுக்கு வந்தது.

நம் ஊர் இல்லத்தின் பரணில் பித்தளையும் வெண்கலமுமாக நாற்பதுக்கு மேற்பட்ட பாத்திரங்கள் இருந்தன. ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு முன்னர், அவற்றை இறக்கித் துலக்கி மீண்டும் ஏற்றியவர் நம் வீட்டு வேலைக்கு உதவும் அம்மையார். அவருக்கு வலத் தோளில் நாட்பட்ட வலி உண்டு. அவ்வலிக்குத் தைலம் வாங்கித் தந்ததை ஓர் அறமாகவே எண்ணியிருந்தோம். பாத்திரங்களுக்கும் அவ்வலிக்கும் உள்ள தொடர்பினை இருபத்திரண்டு ஆண்டுகள் நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

ஊர் திரும்பியதும் யாவற்றையும் கீழே இறக்கினோம். "உமக்கு வேண்டியன யாவை? எடுத்துக்கொள்ளும்" என்றோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு இரண்டே பாத்திரங்களை எடுத்துக்கொண்டார். "மீதியை வைக்க எங்கள் வீட்டில் இடம் ஏது, டீச்சரம்மா?" என்றார். ஈதலும் அளவறியாததாயின் இடம் மாற்றிய சுமையே என்பதனை அவர் ஒரு வரியில் உரைத்துவிட்டார். எஞ்சியவற்றைத் திருவிழாச் சமையலுக்குப் பாத்திரம் தேவைப்பட்ட ஓர் அறக்கூடத்திற்கு, அவர்களைக் கேட்டறிந்த பின்னரே, அனுப்பினோம். இப்போது பரணில் இருப்பவை ஆறு. அவற்றை நாமே இறக்குகிறோம்.

ஆகவே வாசக அன்பர்களே, எவ்வளவு போதும் என்னும் வினாவுடன் மற்றொன்றையும் சேர்த்துக்கொள்வோம். ஒரு பொருளை வீட்டிற்குள் கொணரும் முன்னர், 'இதனை நாள்தோறும் சுமக்கப்போகும் தோள் யாருடையது?' என வினவுவோம். அத்தோள் நம்முடையதன்று எனில், அதற்குரியவரின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து நோக்குவோமாக.