சிறகை உதிர்த்த பிறகு

எறும்புப் புற்றில் முட்டையிடும் பெண்ணை ‘ராணி’ என்கிறோம். கூட்டம் என்றால் தலைமை வேண்டும், தலைமை என்றால் ஆண்தான் என்ற நம்பிக்கை வெகுகாலம் இருந்தது. தேன்கூட்டின் பெரிய ஈயை ‘அரசன்’ என்றே எழுதிவந்தார்கள். 1609-இல் சார்லஸ் பட்லர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் அது பெண் என்று ஒரு நூலே எழுதினார். அந்த நூற்றாண்டிலேயே டச்சு அறிஞர் ஸ்வாமர்டாம் அதை அறுத்துப் பார்த்துச் சினைப்பைகளைக் கண்டார். அரசன் அரசியானாள், மகுடம் மட்டும் அப்படியே இருந்தது. எறும்பு ராணியோ யாருக்கும் ஆணையிடுவதில்லை. எந்த எறும்பு எந்த வேலைக்குப் போவது என்பது, போகிற வழியில் அவை ஒன்றையொன்று உணர்கொம்பால் தொட்டுக்கொள்ளும் சந்திப்புகளில் முடிவாகிறது என்று டெபோரா கார்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டினார். ராணிக்கு உள்ள வேலை முட்டையிடுவது. புற்றுக்குள் ஓடியாடி உழைப்பவர்களும் பெண்கள்தான். அவர்களுக்குப் பட்டம் ஏதும் இல்லை.

இந்தச் சொல் என்னை உறுத்தத் தொடங்கியது கொல்லிமலையில். செம்மேட்டில் கோடை மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை. காற்றில்லாத புழுக்கம். தெருவிளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்தது. கீழே ஈரத்தரையில் கட்டெறும்பு ராணிகள் ஓடிக்கொண்டிருந்தன. (ஈசல் கறையானின் இனம், எறும்பு வேறு, மழை இரண்டையும் ஒரே நாளில் கிளப்பிவிடுகிறது.) எங்களோடு வந்திருந்த கல்லூரி மாணவன் ஒருவன் எறும்பு வளர்ப்பவன். பையில் சோதனைக் குழாய்கள் வைத்திருந்தான். பாதிவரை தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, மிச்ச இடத்தில் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு.

எதைப் பிடிப்பது என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தான். சிறகோடு இருப்பதை விட்டுவிட வேண்டும். அது இன்னும் இணை சேர்ந்திருக்காது. மார்புப் பகுதி தடித்து, சிறகு இருந்த இடத்தில் தழும்பு மட்டும் தெரிந்து, ஒளிய இடம் தேடி ஓடுவதைத்தான் எடுக்க வேண்டும். பறந்து, கூடி, இறங்கி, தன் சிறகைத் தானே கழற்றிப் போட்டுவிட்டவள். ஆண்கள் அதற்குள் செத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் தந்த விந்தை உடம்பிலுள்ள ஒரு பையில் சேமித்து, ஆயுள் முழுக்க அவள் பயன்படுத்துவாள். எந்த முட்டையில் விந்து சேரவில்லையோ அது ஆணாகும்.

மண்ணுக்குள் அடைந்துகொண்ட பிறகு கட்டெறும்பு ராணி இரை தேடி வெளியே வருவதில்லை. இனி தேவைப்படாத பறக்கும் தசைகள் உடம்புக்குள் கரைகின்றன; அதுதான் முதல் குஞ்சுகளுக்குத் தீனி. இந்த இடத்துக்கு வந்ததும் பலருக்குக் குரல் தழுதழுத்துவிடும். தாயின் தியாகம் என்பார்கள். பறக்கும் சதையைக் கரைத்துப் பிள்ளைக்கு ஊட்டுவதை இயற்கையின் கட்டளையாகப் பெண்களுக்கு எடுத்துக்காட்ட இதைவிட வசதியான கதை கிடைக்காது.

இதற்கு மறுமொழியாக நாம் இன்னோர் எறும்பைக் காட்டலாம். தென்னிந்தியாவிலேயே இருக்கிறது: ஜெர்டன் 1851-இல் பெயரிட்ட தாவும் எறும்பு. அதன் ராணி இறந்தால் வேலைக்கார எறும்புகள் உணர்கொம்புகளால் வாரக்கணக்கில் மோதிக்கொள்கின்றன. வென்றவை முட்டையிடத் தொடங்குகின்றன. ஆயுள் மாதங்களிலிருந்து ஆண்டுகளாக நீள்கிறது, மூளை சுமார் 20 விழுக்காடு சுருங்குகிறது. அவற்றைப் பிரித்துவைத்தால் மறுபடி வேலைக்காரிகளாகின்றன, மூளையும் பழைய அளவுக்கு வளர்கிறது என்று 2021-இல் வெளியான ஆய்வு சொன்னது. படித்தபோது எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. ஆனாலும் இதை மேடையில் நான் சொல்லமாட்டேன். கட்டெறும்பைக் காட்டி நமக்குப் புத்தி சொல்லக்கூடாது என்றால், தாவும் எறும்பைக் காட்டி நாமும் வழக்காடக்கூடாது.

மாணவனுக்கும் எனக்குமான வாக்குவாதம் வேறிடத்தில் தொடங்கியது. “வெளிய விட்டா இதுல முக்கால்வாசி காலைக்குள்ள செத்துரும், அக்கா. பல்லி, தவளை, காக்கா. என் குழாய்ல இருந்தா பொழைக்கும்” என்றான். உண்மைதான். ஆய்வுக்கூடத்தில் கறுப்புத் தோட்ட எறும்பு ராணி ஒன்று 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது.

பக்கத்தில் ஓர் ஆயா விளக்கடியில் முறத்தை வைத்து ஈசலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். அரிசியோடு வறுத்துத் தின்பதற்கு. “அதைக் குப்பிக்குள்ள போட்டு என்ன கண்ணு பண்ணுவ?” என்று கேட்டார். வளர்ப்பேன் என்றான். ஆயா சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். அவன் என் பக்கம் திரும்பி, “ஆயா கொன்னு தின்னா சரி, நான் காப்பாத்துனா தப்பா?” என்றான்.

நல்ல கேள்வி. ஆயாவின் கையில் செத்தவை நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆனால் ஆயா தன் பசிக்கு எடுத்தார். எடுத்ததை ஈசலுக்குச் செய்த நன்மையாகச் சொல்லவில்லை. காப்பாற்றுகிறேன் என்று சொல்லி எடுப்பவருக்கு எந்த இடத்தில் நிறுத்துவது என்ற எல்லையே இல்லாமல் போகிறது. வெளியே ஆபத்து என்பது எப்போதும் உண்மையாகவே இருக்கும். பெண்கள் விடுதிக் கதவை மாலையிலேயே பூட்டுவதற்கும் அதே உண்மைதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. 2015-இல் டெல்லியில் ‘கூண்டை உடை’ என்ற பொருளில் ‘பிஞ்ரா தோட்’ இயக்கத்தைத் தொடங்கிய மாணவிகள், தெரு பாதுகாப்பானது என்றா சொன்னார்கள்? அந்த ஆபத்தை எதிர்கொள்வதா வேண்டாமா என்று தீர்மானிப்பது தங்கள் உரிமை என்றார்கள். எறும்புக்கு விருப்பம் என்று ஒன்று உண்டா என்பது எனக்குத் தெரியாது. அதைப் பிடிப்பதற்குச் சொல்லப்படும் நியாயம் மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த நியாயம்.

அந்த நியாயத்தின் பின்னால் விலையும் வந்துவிடுகிறது. 2025 ஏப்ரலில் கென்யாவில் சுமார் 5,000 எறும்புகளைச் சோதனைக் குழாய்களில் அடைத்து வைத்திருந்த இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் பிடிபட்டார்கள். மே மாதம் ஆளுக்குப் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. சந்தையில் மதிப்பு ராணிக்குத்தான். வேலைக்காரிக்கோ ஆணுக்கோ தனியாக விலை இல்லை. விற்பது கருப்பையை. ராணி என்று பெயர் வைத்திருப்பதால் அது காதில் உறைப்பதில்லை.

மாணவன் அன்று மூன்று ராணிகளை எடுத்துப் போனான். தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, அவன் கெட்டவனும் இல்லை. சில மாதம் கழித்துப் படம் அனுப்பினான்: ஒரு ராணி, சுற்றிலும் இருபது முப்பது வேலைக்காரிகள். நன்றாகத்தான் இருக்கின்றன, வாயடைத்த பஞ்சைத்தான் கடித்துக்கொண்டே இருக்கின்றன, வாரம் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தான்.