"ஒன்றுமில்லை" என்னும் சொல்

உடன் பணிபுரியும் ஒருவர் தம் உடல்நலம் குறித்து "ஒன்றுமில்லை" என்று கூறிய பின்னும் அவரைத் துருவிக் கேட்பது பண்பாகுமா? வயதில் மூத்தவராயின் தயக்கம் இரட்டிப்பாகிறது. இவ்வினாவை நாம் நெடுநாளாக நெஞ்சில் சுமந்து வருகிறோம்.

1986ஆம் ஆண்டு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். கணிதம் கற்பிக்கும் மூத்த ஆசிரியையின் கையினின்று ஒருநாள் முற்பகல் சுண்ணக்கட்டி இருமுறை நழுவி விழுந்தது. அச்சடித்தாற்போல் எழுதும் அவருடைய வரி கரும்பலகையில் கீழ்நோக்கிச் சரிந்தது. மாணவியர் சிலர் சிரித்தனர். ஓய்வறைக்கு வந்தவர் ஏதோ கூறினார், சொல் குழறிற்று. "உடம்புக்கு என்னம்மா?" என்றோம். ஒன்றுமில்லை என்பதுபோல் இடக்கையை அசைத்தார். பித்தம் என்றார் ஒருவர். சுக்குக் காப்பி வந்தது. மேசையில் தலைசாய்த்த பெரியவரைத் தொல்லை செய்யலாகாதென்று கதவைச் சாத்திவிட்டு அவரவர் வகுப்புக்குச் சென்றோம். மாலை மணி அடித்த பின்னரே மருத்துவமனை நினைவுக்கு வந்தது.

அது பக்கவாதம். மூளையின் குருதிக்குழாய் அடைப்பைக் கரைக்கும் மருந்து அந்நாளில் வழக்கில் இல்லை. விரைந்திருந்தாலும் பெரும்பயன் விளைந்திராது என்று பின்னாளில் சிலர் தேற்றினர். அவ்வாறுதலை நாம் ஏற்கவில்லை. மருந்து இல்லையென்று அறிந்தா கதவைச் சாத்தினோம்? இருந்திருந்தாலும் அதே சுக்குக் காப்பியைத்தான் கொடுத்திருப்போம். தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில் பிரமாதத்தை, அஃதாவது விழிப்பற்ற சோர்வை, ஏன் முன்வைக்கிறது என்பது நமக்கு அன்றுதான் விளங்கிற்று. அதற்கு முன் பாடமாகப் பலமுறை படித்திருந்தோம்.

இன்று அம்மருந்து உண்டு. அடைப்பினால் வந்த பக்கவாதமாயின், அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்துக்குள் ஏற்றவர்க்கு அதனைச் செலுத்துகின்றனர். ஆகவே நேரத்தைக் குறித்துக்கொள்வது முதற்கடமை. சிரிக்கச் சொன்னால் வாய் ஒருபுறம் கோணுகிறதா, இரு கைகளையும் உயர்த்தினால் ஒன்று தாழ்கிறதா, ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்கையில் நாக்குழறுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். ஒன்று தென்படினும் 108ஐ அழைத்தல் வேண்டும். சற்று நேரத்தில் தானே சரியானாலும் மருத்துவமனை செல்லத்தான் வேண்டும். வாய்வழி எதுவும் கொடுத்தலாகாது; விழுங்கும் ஆற்றல் குன்றியிருப்பின் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். நாம் கொடுத்த காப்பியை எண்ணினால் இன்றும் உடல் நடுங்குகிறது.

மாரடைப்போ பலமுறை மறைந்தே வருகிறது. நெஞ்சில் பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம், தோள், தாடை, முதுகு எனப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவற்றைப் பலரும் அறிவர். பெண்டிர்க்கும் நீரிழிவுடையோர்க்கும் நெஞ்சுவலியின்றி மூச்சிரைப்பும் குமட்டலும் காரணமற்ற பெருங்களைப்பும் மட்டுமே தோன்றலாம். கடையிலும் அலுவலகத்திலும் இதனை வாயு என்போம். நோன்பு நாளாயின் உபவாசக் களைப்பு என்போம். அத்தகையவரைத் தாமே வண்டியோட்டிச் செல்ல விடுதல் கூடாது.

அப்படியாயின் "ஒன்றுமில்லை" என்பவரின் சொல்லை மீறலாமா? நலமாயிருக்கையில் அச்சொல் அவர்க்கே உரியது, மதிக்கத்தான் வேண்டும். ஆனால் மூளை தாக்குண்டோர் சிலர் தம் நிலையைத் தாமே உணர்வதில்லை. நெஞ்சுவலி கண்டவரோ அச்சத்தினாலும் நாணத்தினாலும் மறைக்கிறார். அவ்வேளையில் பேசுவது அவருடைய தெளிவன்று, நோய். நம் ஐயம் பொய்த்தால் நாலு பேர் நகைப்பர், அவ்வளவே.

அந்த ஆசிரியை பின்னும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். வலக்கை திரும்பவில்லை, இடக்கையால் ஒப்பமிடப் பழகினார். அன்று கதவைச் சாத்தியது யார் என்று நம்மிடம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.