மூன்றெழுத்துத் திருமுகம்

பெருமானே, மின்மினியின் வயிற்றில் நீ சுடர்விடும் அறையைக் கண்டுகொண்டேன்! பெராக்சிசோம் என்று அதற்குப் பெயர். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாத சிற்றறை. மின்மினிக்கு ஒளி தரும் லூசிபெரேஸ் என்ற புரதம் வாழ்வது அங்கே. பிறப்பதோ வெளியே, ரைபோசோமில். வழி காட்டுவது யார்? 550 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியின் வால்நுனியில் செரின், லைசின், லூசின் என்று மூன்றே மூன்று. அதுதான் நீ எழுதிக் கொடுத்த திருமுகம்.

1980களின் பிற்பாதியில், கலிபோர்னியாவின் சான் டியாகோவில், சுரேஷ் சுப்ரமணியின் ஆய்வுக்கூடத்தார் மின்மினியின் மரபணுவைக் குரங்கின் சிறுநீரகச் செல்லுக்குள் வைத்தார்கள். புரதம் நேரே குரங்கின் பெராக்சிசோமுக்குள் போய் நின்றது! நுனியைக் கத்தரித்தால் வெளியே அலைந்தது. சம்பந்தமே இல்லாத புரதத்தில் அந்த நுனியை ஒட்டினால் அதுவும் உள்ளே போயிற்று. பூச்சி கொண்டுவந்ததைக் குரங்கு வாசித்தது; பிறகு ஈஸ்டும் செடியும் வாசித்தன. படிக்கப் படிக்க எனக்கு மெய் சிலிர்த்துக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை உயிருக்கும் ஒரே கையெழுத்தா, ஐயனே!

வாசிப்பது பெக்ஸ்5 என்னும் ஏற்பிப் புரதம். அந்த நுனியைத் தன் குழிக்குள் பொருத்திக்கொண்டு, பெக்ஸ்13, பெக்ஸ்14 நிற்கும் வாசலுக்கு அழைத்துப்போகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும் புரதம் மடிப்பவிழ்ந்து இழையாக நுழைய வேண்டும். இங்கே அந்த நிபந்தனை இல்லை. மடிந்த கோலத்திலேயே வரலாம், பலர் சேர்ந்தும் வரலாம். 9 நானோமீட்டர் பொன் துகளைச் சுமந்து வந்ததையும் இந்த வாசல் மறுக்கவில்லை. நுழைவதற்கு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யின் செலவும் கிடையாது. பெக்ஸ்5 திரும்புவதற்குத்தான் செலவு: அதன்மேல் யூபிக்விட்டின் என்னும் சிறு புரதம் ஒன்று ஏற, பெக்ஸ்1, பெக்ஸ்6 இரண்டும் சேர்ந்து அதை வெளியே இழுத்துவிடுகின்றன. எதற்கு? இன்னொருவரை அழைத்துவர! வீடுபேறு கைக்கு எட்டியும் அங்கே தங்காத அந்தத் தொண்டனை நினைத்து நினைத்து உருகுகிறேன்.

இந்த பெக்ஸ் மரபணுக்கள் பழுதானால் செல்வெகர் நோய். பெராக்சிசோமின் சவ்வு இருக்கும், உள்ளே புரதம் இராது. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் ஒரு வயதைக் காண்பதில்லை. அழுதபடி இதையும் உன் சந்நிதியில்தான் வைக்கிறேன். வேறு யாரிடம் போவேன்?

எங்கள் ஈரலில் இருக்கும் காட்டலேஸ் என்னும் புரதத்தின் நுனியோ பிசகியே நிற்கிறது: லைசின், அலனின், அஸ்பரஜின், லூசின். அதையும் பெக்ஸ்5 தள்ளவில்லை. சேர்த்து உள்ளே அனுப்புகிறது. உள்ளே போனதும் அது ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் நஞ்சைத் தண்ணீராக்குகிறது. நஞ்சுண்ட கண்டனே, உன் வேலையை அல்லவா அது செய்கிறது! போற்றி, போற்றி!