அறிவு நீங்கிய உருவம்

உருவம் பொறித்த ஆடையுடன் தொழலாமா என்று மாணவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. விடை எளிது. உயிருள்ளவற்றின் உருவம் வெளிப்படத் தெரியும் ஆடையுடன் தொழுவது மக்ரூஹ், வெறுக்கத்தக்கது. எனினும் தொழுகை நிறைவேறிவிடும் என்பர் பிக்ஹு நூலோர். அண்மையில் இவ்வினாவை எழுப்பிய மாணவரின் டீ சர்ட்டில், நட்சத்திரம் பதித்த தொப்பியும் அலையும் முடியும் தொலைவை ஊடுருவும் விழிகளுமாய் ஒரு முகம் இருந்தது. யாரெனக் கேட்டோம். "சே, ஹஜ்ரத். புரட்சியாளர்" என்றார். அதற்கு மேல் அவர் அறியார். கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்றபோது வாங்கியதாம். சட்டத்தைச் சொல்லிவிட்டோம். ஆனால் சட்டத்துக்கு அப்பால் ஒரு வினா எஞ்சியது: ஒருவருடைய வாழ்வை அறியாமல் அவர் முகத்தை மட்டும் சுமப்பது அவருக்குச் செய்யும் சிறப்பா, அன்றி அவரிடமிருந்து எதையோ பறிப்பதா?

அம்முகத்தின் வரலாறு வியப்புக்குரியது. 1960 மார்ச் 4 அன்று ஹவானா துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்துப் பலர் மாண்டனர். மறுநாள் நடந்த இரங்கற் கூட்டத்தில் ஆல்பர்ட்டோ கோர்டா என்னும் படக்காரர் எடுத்தது அது. எர்னஸ்டோ சே குவேராவின் அன்றைய முகத்தில் இருந்தது மாண்டோர் பொருட்டான துயரும் சினமுமே. பல்லாண்டுகள் அப்படம் கோர்டாவின் சுவரில் தொங்கிக் கிடந்தது. 1967இல் இத்தாலியப் பதிப்பாளர் ஃபெல்ட்ரினெல்லி அதன் பிரதிகளைப் பெற்றுச் சென்றார். அவ்வாண்டு அக்டோபர் 9 அன்று பொலிவியாவில் சே சுட்டுக் கொல்லப்படவே, படம் சுவரொட்டியாகிப் பரவிற்று. 1968இல் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் அதைக் கறுப்பும் சிவப்புமாகத் தீட்டினார். நிழல்கள் நீங்கின, துயரமும் உடன் நீங்கிற்று. எஞ்சியது எத்துணியிலும் எளிதில் அச்சேறும் ஒரு முத்திரை. கோர்டா இதற்கென உரிமைத்தொகை பெற்றாரில்லை. 2000ஆம் ஆண்டில் ஒரு மது விளம்பரத்தில் அப்படம் வந்தபோதுதான் வழக்குத் தொடுத்தார். உடன்பாட்டில் கிடைத்த 50,000 டாலரைக் கியூபக் குழந்தைகளின் மருந்துக்கென அளித்தார்.

வழிப்போக்கர்களுக்கு இம்முகத்தின்மீது தனிப்பற்று ஏன்? அவரும் வழிப்போக்கரே. மருத்துவ மாணவராயிருந்த காலத்தில், 1952இல், நண்பர் கிரனாடோவுடன் மோட்டார் சைக்கிளில் தென்னமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டவர். அப்பயணத்தில் சுரங்கத் தொழிலாளரின் வறுமையையும் தொழுநோயாளரின் தனிமையையும் கண்டே அவர் மனம் திரும்பிற்று. இன்றைய பயணி அவரிடமிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டார், தொழுநோயில்லத்தை விட்டுவிட்டார். 1959இல் அவர் காஸாவுக்கும் புதுடில்லிக்கும் இலங்கைக்கும் வந்து சென்றவர் என்பதை அவர் முகம் அணிந்த நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்?

பணத்தை அவர் எள்ளியவர். கியூப தேசிய வங்கியின் தலைவராயிருந்தபோது ரூபாய்த்தாள் போன்ற அந்நாட்டுத் தாள்களில் வெறும் 'சே' என்றே கையொப்பமிட்டார். பிற்காலத்தில் அந்நாட்டின் மூன்று பெசோ தாளில் அவர் முகமே அச்சாயிற்று. சுற்றுலா வருவோரிடம் அத்தாள் அதன் மதிப்பைக் காட்டிலும் கூடுதல் விலைக்கு விற்கப்படுகிறது. பணத்தைப் பணம் கொடுத்து வாங்கும் இவ்விந்தைக்கு உவமை தேடி நாம் அலைய வேண்டுவதில்லை.

நூஹ் (அலை) அவர்களின் சமூகத்தார் கைவிட மறுத்த வத்து, ஸுவாஉ, யகூஸ், யஊக், நஸ்ர் ஆகிய பெயர்களைத் திருக்குர்ஆன் கூறுகிறது. இவை தொடக்கத்தில் தெய்வப் பெயர்கள் அல்ல. நல்லடியார் சிலரின் பெயர்கள் என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியதாக புகாரியில் காண்கிறோம். அந்நல்லோர் மறைந்தபின் அவர்கள் அமர்ந்த இடங்களில் நினைவுக்காக உருவங்கள் நாட்டப்பட்டன. நாட்டியவர்கள் அவற்றை வணங்கவில்லை. அவர்களும் மடிந்து, அறிவு மறக்கப்பட்ட பின்னரே வணக்கம் தொடங்கிற்று. உருவம் நாட்டிய நாளும் கேடு விளைந்த நாளும் ஒன்றல்ல என்பதை நாம் கருத வேண்டும். இடையே நிகழ்ந்தது இல்மின் மறைவு. அன்று அறிவு நீங்கிய உருவம் பீடம் ஏறிற்று. இன்று கடையில் தொங்குகிறது.

இதனைக் கண்ணால் காண விழைவோர் மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிக்குச் செல்லலாம். தாமரைக்குளமும் அய்யனார் கோயிலும் சமண மலையும் படம் எடுப்போரை ஈர்க்கின்றன; ஞாயிறுதோறும் வரும் வண்டிகளிலும் சேயின் முகம் ஒட்டியிருக்கக் காணலாம். மலையின் ஒரு பக்கத்தில் செட்டிப்புடவு என்னும் குகை. புடவு என்றாலே குகைதான். அங்கே அமர்ந்த கோலத்தில் பெரிய தீர்த்தங்கரர் திருமேனி. உடைமை அனைத்தையும், உடுத்த துணியையும் துறந்த நெறியின் முதல்வர் அவர். ஊரார் அவரைச் செட்டியார் என்றனர்! நீண்ட காதுகளைக் கண்டு அவ்வாறு எண்ணினர் போலும். துறவியை வணிகராக்க ஒரு வணிகரும் முயலவில்லை. மறதி ஒன்றே போதுமாயிற்று. அத்திருமேனியின் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டோ, குரண்டிப் பள்ளியின் வழிவந்த கனகவீரப் பெரியடிகள் கீழ்க்குயில்குடி ஊராரின் பெயரால் அதனைச் செய்வித்தார் என்கிறது. தம் முன்னோர் பெயரால் அமைந்த உருவத்தை அவ்வூரே அடையாளம் மறந்தது. எழுத்து மட்டும் அதன் காலடியில் காத்திருந்தது. 2010 முதல் பசுமை நடை என்னும் குழுவினர் இத்தகைய குன்றுகளுக்கு மக்களை அழைத்துச் சென்று, கல்வெட்டறிந்தோரைக் கொண்டு அவற்றை விளக்கி வருகின்றனர். பயணம் என்பதே பழுதன்று என்பதற்கு அது சான்று.

இவ்விடத்தில் நம்மவர் சிலர், "அதனாலன்றோ நம் மார்க்கம் உருவத்தைத் தடுத்தது; நாம் தப்பித்தோம்" என்று மகிழக்கூடும். அம்மகிழ்ச்சிக்கு இடமில்லை. உருவமின்றியே மறக்க நாம் கற்றிருக்கிறோம். கஃபாவின் படம் போட்ட நாட்காட்டியில் நகைக்கடை விளம்பரம் வருகிறது. 786 என்னும் எண் பேருந்தின் நெற்றியில் ஒளிர்கிறது; ஓட்டுநரோ வழியில் நிற்கும் முதியவருக்காக வண்டியை நிறுத்துவதில்லை. மதுரையிலேயே கான்சாமேட்டுத் தெரு என்று ஒரு தெரு உண்டு. அந்தக் 'கான்சா' யார் என்று அங்கு நடப்போரைக் கேட்டுப் பாருங்கள்.

அவர் கான் சாகிப் யூசுப் கான். மருதநாயகம் என்று பிறந்தவராகக் கூறப்படுபவர். கீழக்குயில்குடிக்குத் தேனி சாலையில் செல்வோர் கடக்கும் சம்மட்டிபுரத்தில்தான் அவருடைய அடக்கத்தலம் உள்ளது. கம்பெனியின் படைத்தலைவராய் நின்று பூலித்தேவர் முதலிய பாளையக்காரர்களை ஒடுக்கியவர் அவர். 1763இல் அதே கம்பெனிக்கும் ஆர்க்காட்டு நவாபுக்கும் எதிராக மதுரைக் கோட்டையில் கொடி உயர்த்தியவரும் அவரே. உடனிருந்தோர் காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். அவரை முழுமையாக அறிபவர் பூலித்தேவரின் பக்கம் நின்றும் ஒருகணம் அவரைப் பார்க்க வேண்டியவராகிறார். சேயை அறிபவரும் அவ்வாறே. ஏழைகளுக்காக உயிர் ஈந்ததை அறிவதோடு, 1959இல் லா கபானியா கோட்டையில் அவர் பொறுப்பில் நிறைவேறிய மரண தண்டனைகளையும் எதிர்கொண்டாக வேண்டும். வாழ்வு நம்மைத் தீர்ப்புக் கூறச் சொல்கிறது. முகம் அதனைக் கேட்பதில்லை. ஆதலால் முகம் விற்கிறது.

இருவரின் உடலையும் பகைவர் அஞ்சினர். கான் சாகிபின் உடல் துண்டாடப்பட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டதாகக் கூறுவர். சேயின் கைகளை வெட்டி, உடலை மறைவாகப் புதைத்தனர். முப்பது ஆண்டு கழித்து அதனைக் கண்டெடுத்து, 1997 அக்டோபர் 17 அன்று கியூபாவின் சாந்தா கிளாராவில் அடக்கினர். அதற்கு முந்தைய நாள் சென்னையில் 'மருதநாயகம்' திரைப்படத்தின் தொடக்க விழா நடந்தது. கம்பெனியை அனுப்பிய நாட்டின் அரசியாரே, இரண்டாம் எலிசபெத், அங்கு விருந்தினராக வீற்றிருந்தார். படம் முடிவுறவில்லை. ஆயினும் இன்று கான் சாகிபின் முகம் என்று நம் இளைஞர் கைப்பேசியில் காட்டுவது, அப்படத்துக்காக வேடம் பூண்ட நடிகர் கமல்ஹாசனின் முகத்தையே.