ஸ்பிரிங்கும் கைத்திறனும்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், லிங்கன் நகரின் பழைய விமானத் தளத்துக் கான்கிரீட் பரப்பில் ஆட்டோகிராஸ் தேசியப் போட்டி நடக்கிறது. பிளாஸ்டிக் கூம்புகளை வைத்துக் குறித்த வளைவுப் பாதையில் ஒவ்வொரு காரும் தனியாக ஓடும். ஒரு கூம்பைத் தட்டினால் 2 விநாடி தண்டம். இரண்டு நாள், நாளுக்கு மூன்று ஓட்டம். அந்தந்த நாளின் சிறந்த நேரங்களைக் கூட்டி வெற்றியாளரை முடிவு செய்வார்கள். ஓடுபவர்கள் பொழுதுபோக்காளர்கள், பிழைப்புக்காக இங்கு வருபவர் யாருமில்லை.

இதை நடத்தும், 1944இல் தொடங்கிய எஸ்.சி.சி.ஏ. என்ற கார் சங்கத்தின் விதிகளில் ‘ஸ்ட்ரீட்’ பிரிவு மிகக் கட்டுப்பாடானது. ஷாக் அப்சார்பரை மாற்றலாம். ஸ்பிரிங்கை மாற்றக் கூடாது. அப்படி மாற்றிய ஒருவர் வென்று, பிறகு விஷயம் வெளிப்பட்டால், வழக்கமாக எழும் வாதம் ஒன்று உண்டு: “அவர் எந்தக் காரில் ஏறினாலும் ஜெயித்திருப்பார்.”

இது வெறும் சால்ஜாப்பு அல்ல. ஒரே காரை இருவர் பகிர்ந்து ஓட்டுவது ஆட்டோகிராஸில் சகஜம். அதே டயர், அதே இன்ஜின். இருந்தும் ஒருவர் மற்றவரைவிட இரண்டு விநாடி பின்தங்குவார். அந்த இடைவெளியை எந்த ஸ்பிரிங்காலும் அடைக்க முடியாது. திறமையே பெரிது என்பவர்கள் புதியவரையும் கைதேர்ந்தவரையும் ஒப்பிட்டால் சொல்வது முழுக்க உண்மை.

ஆனால் கோப்பைக்குப் போட்டி கைதேர்ந்தவர்களுக்குள்தான். அங்கே ஆயிரத்தில் சில பங்கு விநாடிகளில் முதலிடம் கைமாறும். திறமை கூடக்கூட இடைவெளி சுருங்குகிறது. இடைவெளி சுருங்கச் சுருங்க ஸ்பிரிங்கின் எடை ஏறுகிறது. ஆகவே திறமையைக் காட்டி மன்னிப்புக் கேட்கும் உரிமை மிகத் திறமையானவருக்குத்தான் மிகக் குறைவு. எப்படியும் ஜெயித்திருப்பார் என்றால், அந்த ஸ்பிரிங் எதற்கு?

கண்டுபிடிக்கும் முறையிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஓடுமுன் நடக்கும் சோதனை பாதுகாப்புக்கானது. கார் தன் பிரிவுக்குப் பொருந்துகிறதா என்பதைச் சக போட்டியாளர்தான் கட்டணம் கட்டி ஆட்சேபிக்க வேண்டும். காரைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் அந்தச் செலவுக்கும் பிணைத்தொகை வைக்க வேண்டும். புகார் பொய்த்தால் அது போய்விடும். காலையில் சேர்ந்து கூம்பு நிமிர்த்தியவர்மேல் மாலையில் புகார் எழுத யாருக்குக் கை வரும்? எழுதுபவருக்குப் ‘பொறாமைக்காரர்’ என்ற பட்டம் வேறு. கடைசி இடத்துக் காரை எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதால், அந்தப் பட்டத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆயினும் வாய் திறக்காதவர் நட்பைக் காப்பதாக நினைத்துக்கொண்டு, விதிப்படி ஓடி ஓர் இடம் கீழே போனவரின் பங்கை எடுத்து விதி மீறியவருக்குக் கொடுத்துவிடுகிறார்.

பழைய காரை வாங்கி, முன்னாள் உரிமையாளர் மாற்றிய ஸ்பிரிங்கை அறியாமல் ஓட்டியவரின் நிலை வேறு. அவர் ஏமாற்றுக்காரர் அல்ல; ஆனாலும் அந்த நேரம் செல்லாது. தண்டனைக்கு எண்ணத்தைப் பார்க்கலாம், கடிகாரத்துக்கு அது தெரியாது. அந்த ஸ்பிரிங்கைக் கழற்றவேண்டிய கட்டாயம்கூட அவருக்கு இல்லை: ‘ஸ்ட்ரீட் டூரிங்’ பிரிவில் ஸ்பிரிங்கை மாற்ற அனுமதி உண்டு. அங்கே எதிரே நிற்பவர்களும் மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான்.