கேடிலியை எந்தப் பாலில் சொல்வது?

நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் இடையே உள்ள கீழ்வேளூரில், கோச்செங்கட் சோழன் கட்டியதாகச் சொல்லப்படும் மாடக்கோயிலின் இறைவனுக்குக் கேடிலியப்பர் என்று பெயர். திருநாவுக்கரசர் தம் திருத்தாண்டகத்தில் வெறுமனே கேடிலி என்றே பாடுகிறார். கேடு இல்லாத பொருள் என்பது கருத்து. 'இலி' என்று முடியும் பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. வந்தான் என்றும் முடிக்கலாம், வந்தாள் என்றும் முடிக்கலாம்.

இறைவனுக்குப் பால் உண்டா என்பது தமிழ்ச் சமயங்களின் பழைய கேள்வி. மாணிக்கவாசகர் திருவெம்பாவையில் இறைவனைப் பெண்ணாகவும் ஆணாகவும் மூன்றாம் பாலாகவும் கண்டார். நம்மாழ்வாரோ மூன்றுமே இல்லை என்றார். மெய்கண்டாரின் சிவஞானபோதம் முதல் சூத்திரத்திலேயே, அவன், அவள், அது என்று பிரித்துச் சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று அழிவது என்கிறது. பால் பகுப்பு உலகத்தின் இயல்பு. இறைமை அதற்கு அப்பாற்பட்டது.

இலக்கணத்தில் இதற்கு ஓர் அரிய துணை கிடைக்கிறது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஆண்மை திரிந்தவரைச் சுட்டும் பெயரையும் தெய்வத்தைச் சுட்டும் பெயரையும் ஒரே நூற்பாவில் சேர்த்து வைக்கிறார். இரண்டுக்கும் தமக்கென்று தனி ஈறு இல்லை, உயர்திணையின் ஈறுகளே வரும் என்கிறார். ஆண்மை திரிந்தவர் பெயருக்கு ஆண்பால் ஈறு பொருந்தாது என்றும் தனியே விதிக்கிறார். கோயிலில் வணங்கப்படும் தெய்வமும் வாசலில் ஒதுக்கப்படுபவரும் தொல்காப்பியரின் இலக்கணத்தில் ஒரே வரிசையில் நிற்கின்றனர். பின்வந்த நன்னூல், பால் திரிந்தோர் பெயர் அஃறிணை போலவும் வரலாம் என்று இடம் கொடுத்தது. அந்த இடத்தை இன்று யாரும் பயன்படுத்தலாகாது.

பரம்பொருளை 'அது' என்று ஞானிகள் சொல்வது வணக்கம். திணைக்கே அப்பால் நிற்பதால் வந்த சொல் அது. வீட்டில் குழந்தையை 'அது இன்னும் தூங்குது' என்பது செல்லம். தெருவில் போகும் திருநங்கையை 'அது' என்பதோ அவரை உயர்திணையிலிருந்து தள்ளுவது. சொல் ஒன்றே; சொல்பவர் சுட்டப்படுபவரை எங்கே நிறுத்துகிறார் என்பதுதான் வேறு.

எவரையும் தள்ளாமல் சுட்டப் புதுச் சொல் தேட வேண்டிய தேவை தமிழுக்கு அதிகம் இல்லை. நான், நீ, தான் ஆகியவற்றில் பால் இல்லை. 'அவர் வந்தார்', பேச்சில் 'அவங்க வந்தாங்க' என்பவை மரியாதையும் பால்பொதுமையும் ஒருங்கே உள்ளவை. திருநங்கை, திருநம்பி அனைவருக்கும் பொதுவாக இன்று வழங்கும் 'திருநர்' என்ற சொல்லின் ஈறும் இதே வகை. 2022இல் தமிழ்நாடு அரசு, உயர் நீதிமன்ற வழக்கொன்றைத் தொடர்ந்து, பாலினம் சார்ந்த சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

ஆனால் 'அவர்' எல்லாருக்கும் போதும் என்று நிறுத்திவிடக் கூடாது. தம்மைப் பெண்ணாக உணரும் திருநங்கை தோழியரிடம் 'அவள்' என்று அழைக்கப்பட விரும்பலாம். திருநம்பி 'அவன்' என்பதை விரும்பலாம். தெரியாத இடத்தில் 'அவங்க' என்று தொடங்கி, அவரிடமே கேட்டுக்கொள்வது முறை. திருநங்கையை வேண்டுமென்றே 'அவன்' என்பது தொல்காப்பியத்திலேயே இடமில்லாத வழக்கு.